தொகுதியின் தீர்ப்பும் தலைவரின் வாழ்வும்: காங்கேசன்துறையும் தந்தை செல்வாவும்

கிருலப்பனையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழ்கின்ற ஒரு வாக்காளரிடம் அவருடைய தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் யார் என்று வினவினால், ஒரு பெயரை உடனே கூற அவரால் இயலாது. 2024 ஆம் ஆண்டுத் தேர்தலில் கொழும்பு மாவட்டம் முழுவதற்குமாக 18 உறுப்பினர்கள் தெரிவுசெய்யப்பட்டனர். அவர்கள் அனைவரும் அவருடைய பிரதிநிதிகளே. ஆயினும், இவர்தான் எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அவர்களுள் ஒருவரையேனும் சுட்டிக்காட்ட அவருக்கு வழியில்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொணர்ந்த விகிதாசார முறைக்கு நாம் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பழகிவிட்டோம். தொகுதி என்ற சொல் இன்று வாக்கெண்ணும் பிரிவின் பெயராக மட்டுமே எஞ்சியுள்ளது.

தொகுதி என்பது ஒரு காலத்தில் எத்தகைய உறவாக இருந்தது என்பதனை அறிய விரும்புவோர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த காங்கேசன்துறைத் தொகுதியின் கதையைப் படித்தல் வேண்டும். அக்கதையினைச் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் என்னும் மனிதரின் வாழ்விலிருந்து பிரித்துக் கூற முடியாது. தந்தை செல்வா என்று தமிழ் மக்கள் அழைத்த அவரை அத்தொகுதி வெல்ல வைத்தது, தோற்கவும் வைத்தது, மீண்டும் ஏற்றுக்கொண்டது, இறுதியில் ஓர் இனத்தின் சார்பிலான கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பினையும் அவர் கேட்க ஏற்றது.

செல்வநாயகம் 1898 மார்ச் 31 ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். தொழில் தேடிக் கடல் கடந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டுத் தாயார் அவர்களை அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்குத் திரும்பியபோது செல்வநாயகம் சிறு குழந்தை. தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் கொழும்பு புனித தோமையர் கல்லூரியிலும் பயின்று, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டத்தினைப் பெற்றார். சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர் சட்டம் பயின்று, 1923 இல் அட்வகேட் ஆனார். புதுக்கடை நீதிமன்றங்களில் சிவில் வழக்குகளில் தேர்ந்தவர் என்ற பெயர் அவருக்குக் கிட்டியது. 1927 இல் தெல்லிப்பழை மணியகாரர் பார் குமாரகுலசிங்கத்தின் மகள் எமிலி கிரேஸை மணந்தார். பிறந்தது மலாயாவில், தொழில் கொழும்பில். ஆயினும் வேர் தெல்லிப்பழையில் இருந்தது.

அத்தெல்லிப்பழையை உள்ளடக்கிய தொகுதி எத்தகையது? செம்மண் தோட்டங்களும் துலாக் கிணறுகளும், புகையிலையும் வெங்காயமும் வாழையும் விளைவிக்கும் கமக்காரரும், மயிலிட்டியின் மீனவரும் வாழ்ந்த நாட்டுப்புறம் அது. கீரிமலைத் தீர்த்தமும் நகுலேஸ்வரமும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் அங்கேதான் உள்ளன. அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய பாடசாலைகளும், அவற்றுக்கு ஈடாகச் சைவர்கள் கட்டியெழுப்பிய மகாஜனக் கல்லூரி போன்றவையும் அயலருகே நிற்கின்றன. கல்வியும் பக்தியும் கமமும் ஒன்றாகக் கலந்த இப்பகுதி மக்கள் அரசியலை வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர்.

சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931 இல் முதலாவது தேர்தல் நடைபெற்றபோது, பூரண சுயராச்சியம் கோரிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் அழைப்பினை ஏற்று யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் தேர்தலைப் பகிஷ்கரித்தன. காங்கேசன்துறையும் அவற்றுள் ஒன்று. இத்தொகுதியின் தேர்தல் வரலாறு வாக்களிக்க மறுத்ததிலிருந்தே தொடங்குகின்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. 1934 இல் பகிஷ்கரிப்பு முடிவுக்கு வந்தபோது சு. நடேசபிள்ளை இத்தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்றார். சேர் பொன். இராமநாதனின் மருமகனும் பரமேஸ்வராக் கல்லூரி அதிபரும் தமிழறிஞருமாகிய அவர், அரசாங்க சபை கலையும் வரை அவ்விடத்தை வகித்தார்.

1944 இல் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் உருவானபோது செல்வநாயகம் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். 1947 பொதுத் தேர்தலில் அக்கட்சியின் சார்பில் காங்கேசன்துறையில் போட்டியிட்டு வென்றார். அப்போது அவருக்கு வயது 49. மேடையில் முழங்கும் குரலோ, கூட்டத்தைக் கிளறிவிடும் சொல்லடுக்கோ அவரிடம் இருக்கவில்லை. வழக்கொன்றின் ஆவணங்களை நீதிபதியின் முன் அடுக்கிவைப்பது போல மெல்லிய குரலில் காரணங்களை அடுக்கிச் சொல்வதே அவருடைய வழக்கம். அவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கையே அவருக்குக் கிடைத்த வாக்குகளின் முதல் ஆதாரம் எனலாம்.

அந்த நம்பிக்கை விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டில் பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் இணைந்துகொண்டார். 1949 இல் அம்மக்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. தமது தொகுதியில் ஒரு வாக்கேனும் இல்லாத மலையகத் தொழிலாளருக்காகச் செல்வநாயகம் தமது கட்சியை விட்டு விலகினார். இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நேரும் என்பது அவருடைய கணிப்பு. 1949 டிசம்பர் 18 ஆம் திகதி கொழும்பு மருதானையில், அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில், இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டது. கு. வன்னியசிங்கமும் டாக்டர் இ.மு.வி. நாகநாதனும் அவருக்குத் துணைநின்றனர்.

ஆனால் தொகுதி என்ன நினைத்தது? இங்கேதான் இவ்வரலாற்றின் முதலாவது பாடம் அமைந்துள்ளது. கைத்தொழில் அமைச்சராகிய பொன்னம்பலத்தின் காலத்தில் காங்கேசன்துறையிலேயே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1950 இல் அது உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒருபுறம் கண்முன்னே புகைபோக்கியும் வேலைவாய்ப்பும். மறுபுறம் இன்னும் வந்துசேராத ஆபத்தொன்றினைப் பற்றிய எச்சரிக்கையும் சமஷ்டி என்னும் புதிய சொல்லும். 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நடேசபிள்ளை நின்றார். சைவம் தழைத்த தொகுதியில் செல்வநாயகம் கிறிஸ்தவர் என்பதும் பிரசாரப் பொருளாக்கப்பட்டது. செல்வநாயகம் தோற்றார். நடேசபிள்ளை வென்று பின்னர் அமைச்சராகவும் ஆனார். நாடு முழுவதிலும் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையும் ஆகிய இரண்டு ஆசனங்கள் மாத்திரமே.

தோல்வியின் பின்னர் ஒரு தலைவர் என்ன செய்கின்றார் என்பதே அவரை அளக்கும் கோல். தோல்விக்குப் பின்னரும் செல்வநாயகம் தமது கொள்கையைத் தளர்த்தவில்லை. வெற்றி நிச்சயமான வேறு தொகுதியைத் தேடிச் செல்லவுமில்லை. கொழும்பில் தொழிலைக் கவனித்துக்கொண்டே வடக்குக்கும் கிழக்குக்கும் இடையறாது பயணஞ்செய்தார். கிழக்கு மாகாணத்தைத் தமிழர் அரசியலின் நடுவே கொண்டுவந்ததில் அந்த நான்கு ஆண்டுகளுக்குப் பெரும்பங்குண்டு.

1956 இல் தென்னிலங்கையின் இரு பெருங்கட்சிகளும் சிங்களம் மட்டும் என்ற கோரிக்கையை ஏற்றுத் தேர்தலுக்கு வந்தபோது, 1949 இல் விடுக்கப்பட்ட எச்சரிக்கை வீண் அச்சம் அன்று என்பது வெளிப்படையாயிற்று. காங்கேசன்துறை தன் தீர்ப்பைத் தானே திருத்தி எழுதியது. செல்வநாயகம் வென்றார்; அவருடைய கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. அதன் பின்னர் 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970 ஆகிய தேர்தல்கள் அனைத்திலும் அத்தொகுதி அவரையே தெரிவுசெய்தது.

அந்தக் காலப்பகுதியின் நிகழ்வுகளைத் தமிழ் வாசகர் நன்கறிவர். 1956 ஜூன் 5 ஆம் திகதி காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்த சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். 1957 ஜூலை 26 ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவுடன் பிரதேச சபைகள் குறித்து ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 1958 ஏப்ரலில் அது கிழித்தெறியப்பட்டது. அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் வடக்கு கிழக்கின் அரச நிருவாகத்தை ஸ்தம்பிக்கச் செய்தது. ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவுடன் மற்றுமோர் உடன்பாடு ஏற்பட்டது. மாவட்ட சபைகள் என்ற அளவுக்குச் சுருங்கிய அதுவும் 1968 இல் கைவிடப்பட்டது. இரு ஒப்பந்தங்கள், இரு பிரதமர்கள், இரு முறிவுகள். ஒப்பமிட்ட தமிழ்த் தலைவர் மாத்திரம் ஒருவரே.

தொகுதியின் உள்ளே எழுந்த கேள்விகளையும் நாம் மறைத்தல் ஆகாது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தபோது, அது செல்வநாயகத்தின் தொகுதியிலேயே நிகழ்ந்தது. தீண்டாமைக்கு எதிரான தீர்மானங்கள் தமிழரசுக் கட்சியிடம் தொடக்கம் முதலே இருந்தன. ஆயினும், உயர்சாதி வாக்குகளை இழக்க அஞ்சி அக்கட்சி களத்தில் இறங்கத் தயங்கிற்று என்பது இடதுசாரிகளின் குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டினை முற்றாகத் தள்ளிவிடுவதற்கில்லை. கொழும்பிடம் சமத்துவம் கேட்ட ஒரு சமூகம், தன் கோயில் வாசலில் அதே சமத்துவத்தை வழங்கத் தாமதித்தது என்பதும் இத்தொகுதியின் வரலாறே. கொமியூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் போன்றோர் காங்கேசன்துறையில் மீண்டும் மீண்டும் போட்டியிட்டுக் கணிசமான வாக்குகளைப் பெற்றமைக்கு இத்தகைய கேள்விகளும் காரணம். 1970 இல் செல்வநாயகம் வென்றபோது அவருக்குக் கிடைத்தவை 13,520 வாக்குகள். அசைக்க முடியாத கோட்டை என்று எவரும் கூறியிருக்க மாட்டார்கள்.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் புதிய அரசியலமைப்பினை வரைந்தது. தமிழரசுக் கட்சி முன்வைத்த திருத்தங்கள் ஏற்கப்படவில்லை; 1971 இல் கட்சி அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறிற்று. 1972 மே 22 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பில் இருந்த 29 ஆம் பிரிவின் காப்பினைக்கூட நீக்கிவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகத் திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவாகியிருந்தது.

அப்போது செல்வநாயகம் எடுத்த முடிவே அவருடைய பொதுவாழ்வின் உச்சம் என்பது எமது கருத்து. 1972 ஒக்டோபரில் அவர் தமது பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். புதிய அரசியலமைப்பினைத் தமிழ் மக்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர் என்று அரசாங்கம் கருதுமாயின், காங்கேசன்துறையில் தம்மை எதிர்த்துப் போட்டியிட்டு அதனை நிரூபிக்கட்டும் என்பது அவர் விடுத்த அறைகூவல். தாம் தோற்றால் தமது கொள்கையைக் கைவிடவும் ஆயத்தமாக இருந்தார். ஒரு கிராமியத் தொகுதியின் வாக்குப்பெட்டி, நாட்டின் அரசியலமைப்பின் மீதான மக்கள் தீர்ப்புக்குரிய பெட்டியாயிற்று.

அவர் செய்ததன் துணிவை உணர, அவருடைய அன்றைய நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். வயது 74, பார்க்கின்சன் நோயினால் உடல் நடுங்கும், குரல் அருகிலிருப்போருக்கும் எட்டாது, செவிப்புலனும் மங்கியிருந்தது. முன்னைய தேர்தலின் எண்ணிக்கையோ பெருவெற்றி எனத் தக்கதன்று. அதே மண்ணில் 1952 இல் தோற்ற அனுபவமும் இருந்தது. எனினும் அவர் தமது ஆசனத்தை மக்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

அரசாங்கம் இடைத்தேர்தலை உடனே நடத்தவில்லை. அவசரகால நிலையைக் காரணங்காட்டி இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒத்திவைக்கப்பட்டது. அக்காலம் முழுவதும் காங்கேசன்துறை மக்களுக்குப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை. அந்த இடைவெளியில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் இளைஞரைக் கொதிக்க வைத்தது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்து உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பலியாகின. வாக்குப்பெட்டியை விட்டு விலகி வேறு வழிகளை நாடும் இளைஞர் தொகை பெருகிற்று. ஓர் இடைத்தேர்தலைத் தாமதித்ததனால் அரசாங்கம் சில மாதங்களை வென்றிருக்கலாம்; ஆனால் ஜனநாயகத்தின் மீது ஒரு தலைமுறை வைத்திருந்த நம்பிக்கையை நாடு இழந்தது.

ஈற்றில் 1975 பெப்ரவரி 6 ஆம் திகதி வாக்கெடுப்பு நடைபெற்றது. அரசாங்கத்தின் சார்பில் வி. பொன்னம்பலம் நின்றார். அவர் தரக்குறைவான எதிரியல்லர். மக்கள் மதித்த ஆசிரியர். பின்னாளில் தமது கட்சியை விட்டு விலகிச் செந்தமிழர் இயக்கத்தை அமைத்தவர். செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகளும் பொன்னம்பலத்துக்கு 9,457 வாக்குகளும் கிடைத்தன. 1970 இல் பெற்றதிலும் ஏறக்குறைய இருமடங்கு வாக்குகளைக் காங்கேசன்துறை அவருக்கு வழங்கியிருந்தது.

இத்தீர்ப்பின் பொருள் யாது என்பது இன்றும் விவாதத்துக்குரியதே. கேட்கப்பட்ட கேள்வி 1972 அரசியலமைப்பினைப் பற்றியது. முடிவு வெளியான பின்னர் செல்வநாயகம் அதனைத் தனித் தமிழரசுக்கான ஆணையாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1976 மே 14 ஆம் திகதி, வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் அதுவே தீர்மானமாயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சமஷ்டியைத் தவிர வேறெதனையும் கேளாதிருந்த மனிதர் அந்த எல்லையை அடைந்தமைக்கு, கிழிக்கப்பட்ட ஒப்பந்தங்களே முதற்காரணம் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், ஒரு கேள்விக்கு மக்கள் அளித்த விடையை மற்றொரு கேள்விக்கும் விடையாகக் கொள்வதில் உள்ள சிக்கலினையும் நேர்மையான வரலாறு பதிவுசெய்தல் வேண்டும். அந்த மற்றைய கேள்வி 1977 ஜூலைப் பொதுத்தேர்தலில் நேரடியாகவே மக்கள் முன் வைக்கப்பட்டது. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. அதனைக் காணச் செல்வநாயகம் உயிருடன் இருக்கவில்லை. 1977 ஏப்ரல் 26 ஆம் திகதி, 79 ஆவது வயதில், காங்கேசன்துறையின் உறுப்பினராகவே அவர் காலமானார்.

அவருக்குப் பின் அத்தொகுதி அ. அமிர்தலிங்கத்தைத் தெரிவுசெய்தது. அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 கலவரத்தின் பின் கொண்டுவரப்பட்ட ஆறாவது திருத்தத்தின் விளைவாகக் கூட்டணி உறுப்பினர்கள் தமது ஆசனங்களை இழந்தனர். தனி உறுப்பினரைக் கொண்ட காங்கேசன்துறைத் தொகுதியின் கதை அத்துடன் முடிவுற்றது.

அதன் பின்னர் நேர்ந்தது அதனினும் கொடிது. 1990 இல் யுத்தம் வலிகாமம் வடக்கு மக்களைக் கூண்டோடு இடம்பெயரச் செய்தது. சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 1952 இல் தொழிற்சாலைக்கும் உரிமைக்கும் இடையே தெரிவுசெய்யுமாறு கேட்கப்பட்ட மக்கள், ஈற்றில் இரண்டையும் இழந்ததோடு நிலத்தையும் இழந்தனர். முகாம்களிலும் கடல் கடந்த நாடுகளிலும், இங்கே வெள்ளவத்தை, கிருலப்பனை போன்ற இடங்களின் வாடகை வீடுகளிலும் அவர்களுட் பலர் தமது வாழ்வைக் கழித்தனர். 2009 இன் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் 2024 முடிவடைந்தபோதும் அனைத்தும் உரியவர்களிடம் வந்துசேரவில்லை.

எண்கள் சொல்லும் கதையையும் நோக்குவோம். 1977 இல் யாழ்ப்பாண மாவட்டம், கிளிநொச்சி உட்பட, 11 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 2024 இல் அதே நிலப்பரப்பினைக் கொண்ட யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு உரியவை ஆறு ஆசனங்களே. அவற்றுள் மூன்றினைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. செல்வநாயகம் தொடக்கிய தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. 2013 இல் முதற்தேர்தலைக் கண்ட வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிவடைந்தது. 2024 முடியும்வரை அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. 1972 இன் வெற்றிடம் இரண்டாண்டுகள் நீடித்தது என்று வருந்துகின்ற நாம், இந்த வெற்றிடத்தினை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டோம்!

2024 முடிவினைக் கண்டு கொள்கை தோற்றது என்போரும் உளர். மக்கள் வழிதவறினர் என்போரும் உளர். இரு சாராரும் 1952 ஐ மறந்துவிட்டனர். அன்று காங்கேசன்துறை செல்வநாயகத்தை நிராகரித்தபோது அவர் மக்களைக் குறைகூறவில்லை. அவர்களை விட்டு அகலவுமில்லை. நான்கு ஆண்டுகள் அவர்களிடம் மீண்டும் மீண்டும் சென்று காரணம் கூறினார். இருபது ஆண்டுகளின் பின், தமக்குரியதாகிவிட்ட ஆசனத்தைத் தாமாகவே திருப்பியளித்து அவர்களுடைய தீர்ப்பினைக் கேட்டார். ஆசனம் உறுப்பினருக்குச் சொந்தமானதன்று, மக்கள் இரவலாகக் கொடுத்தது என்பதனை அவர் செயலினாற் காட்டினார்.

தொகுதிமுறை மீண்டும் வருமா, கலப்பு முறை வருமா என்பதனைத் தேர்தல் சீர்திருத்தம் பற்றிய பேச்சுகள் முடிவுசெய்யட்டும். எம்முறை வரினும், ஒரு வாக்காளர் தமக்குப் பதிலளிக்க வேண்டியவர் இவரே என்று ஒருவரைச் சுட்டிக்காட்டக் கூடிய நிலை அதில் இருத்தல் வேண்டும். தோற்ற பின்னும் தொகுதியை விட்டு அகலாதவரும், வென்ற பின்னும் அதன் தீர்ப்பினைக் கேட்க அஞ்சாதவருமான பிரதிநிதிகளைப் பெறுவது மக்களின் உரிமை. யாழ்ப்பாணத்தில் உயர்ந்து நிற்கும் தந்தை செல்வா நினைவுத்தூணுக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டும் அரசியல்வாதிகள், அத்தூணின் அடியில் நின்று தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. தமது ஆசனத்தை இன்று மக்களிடம் திருப்பிக் கொடுத்தால், அவர்கள் அதனை மீண்டும் தமக்கே தருவார்களா என்பதே அக்கேள்வி.